கைஃபன் லைட்: உதிரிபாகம் கிடைக்காத அட்டமைசரில் எதில் கைவைக்கலாம், எதில் கூடாது

அட்டமைசர் என்பது மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகம். பழைய அட்டமைசர் வாங்கலாமா என்று கேட்பவருக்கு அதன் ருசியை வர்ணிப்பதால் பெரிய பயனில்லை. ஒரு திருகு தொலைந்தால், ஒரு வாஷர் கிழிந்தால், அதை நாமே ஈடுகட்ட முடியுமா? அதைச் சொன்னால் போதும். ஜெர்மனியின் ஸ்வோயெமெஸ்டோ நிறுவனம் 2013 வாக்கில் கொண்டுவந்த கைஃபன் லைட்டை இந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம். இன்றும் ஐரோப்பாவில் பழைய பொருளாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதன் சீன நகல்கள் அதைவிட அதிகம்.

முதலில் சட்டம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலையில்லை. ஜெர்மனி, பிரிட்டன் போன்ற இடங்களில், ஏற்கெனவே இதைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. புகைக்காதவர்கள் தொடங்குவதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

உதிரிபாகம் ஏன் அரிதானது என்பதற்கும் சட்டத்தில் ஒரு பங்கு உண்டு. 2016 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிகோடின் திரவத்துக்கான தொட்டி 2 மி.லி.க்கு மேல் பிடிக்கக் கூடாது. லைட்டின் தொட்டி 4 மி.லி.க்கு மேல் பிடிக்கும். பழைய அளவிலேயே அதைப் புதிதாக விற்க வழியில்லை. நிறுவனமும் அடுத்தடுத்த மாடல்களுக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பது பழைய உருப்படிகளும், அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகளும்தான்.

அமைப்பு எளிது. அடியில், பேட்டரியோடு சேர்வதற்கான 510 என்ற அளவு மரை கொண்ட பீடம், அதாவது 7 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. புரி (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம்). அதன்மேல் கம்பியைத் திருகிப் பிடிக்கும் இரண்டு போஸ்ட் (சிறு தூண்) உள்ள மேடை, அதாவது டெக். ஒரு போஸ்ட் உடலோடு சேர்ந்த நெகடிவ், மற்றது இன்சுலேட்டரால் பிரித்து வைத்த பாசிட்டிவ். திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலை மூட மணி போன்ற ஓர் அறை, அதிலிருந்து மேலேறும் குழல், சுற்றிலும் 22 மி.மீ. தொட்டி, மேல்மூடி, வாயில் வைக்கும் டிரிப் டிப். திரவம் நிரப்ப அடியில் ஒரு குட்டித் திருகு. பெரும்பாலும் எல்லாமே மரையால் சேர்கிறது. பசையோ பற்றவைப்போ எங்கும் இல்லை. ரிப்பேர் செய்ய இதைவிட வசதியான வடிவம் கிடைப்பது கடினம்.

கை வைப்பதற்கு முன் இது ஏன் கசிகிறது, ஏன் கசியாமல் இருக்கிறது என்பது புரிந்திருக்க வேண்டும். தொட்டியில் திரவம் குறையும்போது மேலே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம்தான் மிச்சத் திரவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் இழுக்கும்போது டெக்கின் இரண்டு வாய்க்கால்கள் வழியாகக் கொஞ்சம் திரவம் காயிலுக்குள் இருக்கும் பஞ்சுக்கு வரும், பதிலுக்கு ஒரு குமிழி காற்று உள்ளே போகும். வாய் மூடிய ஸ்ட்ராவில் தண்ணீர் நிற்கிறதே, அதே கணக்கு. மேல்விரலை எடுத்தால் தண்ணீர் கொட்டிவிடும். ஆகவே மேல்மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்தால், திரவம் வழிவது கீழே உள்ள காற்றுத் துளையில். பலர் அடிப்பக்க ஓ-ரிங்கை மூன்று தடவை மாற்றிவிட்டு அட்டமைசரையே திட்டுகிறார்கள். ஓட்டை மேலே இருக்கிறது. நிரப்பும் திருகின் வாஷர் கெட்டாலும் இதே நோய்தான்.

ஓ-ரிங்கை வெளியில் தேடுவதில் தவறில்லை. இந்த அட்டமைசரில் தைரியமாக ஈடுகட்டக்கூடிய பாகம் அதுதான். பழைய ரிங்கை அளந்து அதே அளவு வாங்குவதுதான் வழக்கமான பிழை. பழையது ஊறிப் பருத்திருக்கும், அல்லது நசுங்கித் தட்டையாகியிருக்கும். அளக்க வேண்டியது உலோகத்தில் உள்ள பள்ளத்தை. காலிப்பரால் பள்ளத்தின் அடி விட்டத்தைப் பாருங்கள். ரிங்கின் உள்விட்டம் அதைவிடச் சற்றே சிறிதாக இருக்கட்டும். போட்டபின் ஐந்து சதவீதத்துக்கு மேல் இழுபடக் கூடாது. பிறகு பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ச் சுவர் வரை உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். ரிங்கின் தடிப்பு 15 முதல் 25 சதவீதம் நசுங்கினால் நல்ல அடைப்பு. இடைவெளி 0.8 மி.மீ. என்றால் 1 மி.மீ. தடிப்பு ரிங் சரியாக வரும். 1.5 மி.மீ. ரிங்கை அங்கே திணித்தால் மூடி கையால் திருகாது, பிளையர் போட வேண்டிவரும், தொட்டி விரிசல் விடும்.

பொருள் முக்கியம். திரவத்தில் இருக்கும் ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் இரண்டையும் நைட்ரைல், சிலிக்கான், விட்டான், இபிடிஎம் என்ற நான்கு ரப்பர் வகைகளும் தாங்கும். குழாய் ரிப்பேருக்கு விற்கும் ரிங் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் நைட்ரைல் அல்லது இபிடிஎம். புதிதில் ரப்பர் வாடை இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெந்நீரில் ஓரிரவு ஊற வைத்தால் தணியும். சிலிக்கான் மென்மையானது, வாடையில்லை, ஆனால் மரையின் கூர்முனையில் பட்டால் கிழியும். அடிக்கடி கழற்றும் இடத்துக்கு நைட்ரைலோ விட்டானோ போடுங்கள். டிரிப் டிப்புக்குச் சிலிக்கான் போதும். மாட்டும்போது வழவழப்புக்கு வாசலீன் வேண்டாம், இபிடிஎம் அதில் ஊதிவிடும், மூச்சில் போகும் பாதையில் பெட்ரோலியப் பொருளுக்கு இடமும் இல்லை. ஒரு சொட்டுக் கிளிசரின் தடவினால் போதும்.

டெஃப்ளான் டேப்பைச் சுற்றி ரிங்குக்குப் பதிலாக ஓட்டுபவர்கள் உண்டு. ஒருநாள் தாங்கும். அழுத்தத்தில் அது மெல்ல நகர்ந்து இடம் விட்டுவிடும், ரப்பர் போல மீண்டு வராது.

அடுத்தது போஸ்ட் திருகு. தொலைவதும் இதுதான், தலை மழுங்குவதும் இதுதான். இந்த வகை அட்டமைசர்களில் எம்2 (2 மி.மீ. விட்டம்) திருகு பரவலாக வரும், நகல்களில் எம்2.5 (2.5 மி.மீ.) கூட வரலாம். ஊகிக்காமல் அளக்க வேண்டும். எம்2-வின் புரி 0.4 மி.மீ., எம்2.5-க்கு 0.45 மி.மீ. அங்குலக் கணக்கில் வரும் 2-56 திருகு 2.18 மி.மீ. விட்டம், புரி 0.45 மி.மீ. சொச்சம். எம்2 துளையில் முதல் ஒரு சுற்று போவது போலப் போக்குக் காட்டி மரையை அழித்துவிடும். விரலால் மூன்று சுற்று தடையில்லாமல் இறங்காத எந்தத் திருகையும் ஸ்க்ரூ டிரைவரால் இறக்காதீர்கள்.

எங்கே தேடுவது? மடிக்கணினிக்குள் எம்2, எம்2.5 திருகுகள் நிறைய உண்டு, அளவும் பொருந்தும். ஆனால் அவை முலாம் பூசிய சாதாரண எஃகு. பலவற்றின் மரையில் நீல நிறத்தில் நைலான் பூச்சு இருக்கும், கழன்று விழாமல் இருக்க. காயில் பக்கத்தில் அது உருகும். முலாம் தேய்ந்தால் துரு பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் திருகு எம்3 அல்லது 6-32, பெரிது. மூக்குக்கண்ணாடித் திருகு பெரும்பாலும் 1.4 மி.மீ. பக்கம், சிறிது. ரேடியோ கட்டுப்பாட்டுப் பொம்மைக் கார் உதிரிபாகம் விற்கும் கடைகளில் துருப்பிடிக்காத எஃகில் எம்2 திருகு தனியாகக் கிடைக்கும். பெட்டியில் ஏ2 அல்லது ஏ4 என்று இருக்க வேண்டும். முதலாவது 304 ரக எஃகு, இரண்டாவது 316. பித்தளைத் திருகு அழகாக இருக்கும், ஆனால் லேத்தில் கடைவதற்கான பித்தளையில் மூன்று சதவீதம் வரை ஈயம் சேர்த்திருப்பார்கள். துத்தநாக முலாம் போட்டதும் வேண்டாம். சூடேறும் இடத்தில் இரண்டுமே ஆகாது.

தலையின் வடிவத்தையும் பாருங்கள். கம்பியைத் தலைக்கு அடியில் பிடிக்கும் போஸ்ட்டுக்குத் தலையின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். கூம்புத் தலைத் திருகு இறுக்க இறுக்கக் கம்பியை வெளியே தள்ளும். நீளம் அதிகமாக இருந்தால் திருகின் நுனி மறுபக்கம் நீட்டி உடலைத் தொடலாம். பாசிட்டிவ் போஸ்ட்டில் அது நடந்தால் நேரடி ஷார்ட். நீளத்தைக் குறைக்க ஒரு வழி: முதலில் திருகில் ஒரு நட்டை ஏற்றுங்கள், பிறகு ரம்பத்தால் வெட்டி, நுனியை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, நட்டைக் கழற்றுங்கள். வெளியே வரும் நட்டு, நசுங்கிய மரையைச் சீவிக்கொண்டே வரும்.

போஸ்ட்டின் உள்மரையே அழிந்திருந்தால் முதலில் பழையதைவிட ஒரு மி.மீ. கூடுதல் நீளமுள்ள திருகைப் போட்டுப் பாருங்கள். அடியில் தேயாத மரை மிச்சமிருந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால்தான் டேப் என்ற மரை வெட்டும் கருவி போட்டு எம்2.5 ஆக்குவது. துளை 2.05 மி.மீ., மெதுவான சுற்று, வெட்டு எண்ணெய், அரைச்சுற்று முன்னே கால்சுற்று பின்னே. துருப்பிடிக்காத எஃகு உரசிச் சூடானால் இறுகிக்கொள்ளும், டேப் உள்ளேயே முறியும். முறிந்த டேப்பை அந்தச் சின்ன போஸ்ட்டிலிருந்து எடுக்க வீட்டில் வழி கிடையாது. நல்ல லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் கொடுப்பது மேல். திரும்பி வந்ததும் வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுத் தேய்த்து, ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் கழுவி, மீண்டும் வெந்நீரில் அலசுங்கள். மரைக்குள் தங்கும் எண்ணெய் முதல் சூட்டிலேயே ஆவியாகி நெஞ்சுக்குள் போகும்.

இன்சுலேட்டருக்கு வருவோம். மேலே சொன்னவற்றில் தவறினால் திரவம் கசியும், கம்பி நழுவும். இதில் தவறினால் பேட்டரி ஷார்ட் ஆகும். பாசிட்டிவ் பாகத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள அந்தத் துண்டு பழுப்பு நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் பீக் என்னும் பிளாஸ்டிக். 250 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும், 343-இல்தான் உருகும். ஓரம் கறுத்தோ பிளந்தோ இருந்தால் மாற்ற வேண்டும். பீக் தண்டு வாங்கி லேத்தில் கடைந்து தரச் சொல்வதுதான் சரியான வழி.

அது கிடைக்கும்வரை சமாளிக்க ஒரு நல்ல பொருள் உண்டு: முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இழையைச் செலுத்தப் பயன்படும் டெஃப்ளான் குழாய். உள்விட்டம் 2 மி.மீ., வெளிவிட்டம் 4 மி.மீ. எம்2 திருகின் மேல் உறைபோல் உட்காரும். புது பிளேடால், குழாய்க்குச் செங்குத்தாக, தேவையான நீளத்தை நறுக்குங்கள். சாய்வாக வெட்டினால் ஒருபக்கம் மட்டும் அழுந்தி மறுபக்கம் இடைவெளி விடும். வாஷர் வேண்டுமானால் 0.5 மி.மீ. டெஃப்ளான் தகட்டில் தோல் தொழிலாளர் பயன்படுத்தும் துளைக் கருவியால் முதலில் உள்வட்டம், பிறகு வெளிவட்டம் என்று வெட்டலாம். வரிசையை மாற்றினால் மையம் தவறும்.

டெஃப்ளானுக்கு இரண்டு குறை. அழுத்தத்தில் மெல்ல நகரும் என்று மேலே சொன்னோம். ஆகவே பீடத்தின் நடுவில் உள்ள பாசிட்டிவ் பின்னை இறுக்கிய மறுநாள் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, 260 டிகிரிக்கு மேல் அதை நம்பக் கூடாது. அதையும் தாண்டிச் சூடேறினால் சிதைந்து வரும் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். சாதாரணப் பயன்பாட்டில் ஈரப் பஞ்சு காயிலைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் போஸ்ட் அவ்வளவு சூடாகாது. ஆனால் பஞ்சை எடுத்துவிட்டுக் காயிலைச் சிவக்கச் சிவக்க எரிப்பார்களே, அப்போது போஸ்ட் வழியாகச் சூடு நேரே இறங்கும். டெஃப்ளான் போட்ட டெக்கில் அதைச் செய்யாதீர்கள். காயில் அழுக்கானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது சுற்றுங்கள். டெல்ரின் என்கிற அசிட்டால் பிளாஸ்டிக்கை லேத்காரர்கள் பரிந்துரைப்பார்கள், கடைய அருமையாக இருக்கும் என்பதால். அது அளவுமீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு விடும், ஏற்காதீர்கள். மின்கம்பியின் மேலுறை, நகப்பூச்சு, சூடான பசை, சூப்பர் குளு எதுவும் அந்த இடத்துக்கு வரவே கூடாது. பாசிட்டிவ் பின் தளர்கிறதே என்று ஈயப் பற்றவைப்புச் செய்வதும் அப்படித்தான்: சாதாரணப் பற்று 183 டிகிரியில் உருகும், அதில் ஈயமும் இருக்கிறது.

தொட்டி உடைந்தால் கண்ணாடிக் குழாயில் புதிது செய்யலாம், பொறுமை வேண்டும். போரோசிலிகேட் குழாய் ஆய்வகக் கடைகளில் கிடைக்கும். வெளிவிட்டத்தோடு சுவர்த் தடிப்பும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஓ-ரிங் கணக்கு கெடும். வைர அரத்தைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றிலும் ஒரே கோடாகக் கீறி, துணியில் பொதிந்து முறிக்க வேண்டும். கால் மி.மீ. நீளமாக வெட்டி, 400 எண் நீர் உப்புத்தாளைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்து எட்டு வடிவில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, 1000 எண்ணில் முடியுங்கள். நீளம் குறைந்தால் ரிங் சரியாகப் பிடிக்காது, கூடினால் மூடியின் மரை முழுதாக ஏறாது. தேய்ப்பது முழுக்க ஈரத்தில். கண்ணாடித் தூள் காற்றில் பறக்கக் கூடாது. கண்ணுக்குக் கவசம் கட்டாயம்.

கண்ணாடிக்குப் பதில் பெரிய ஊசி சிரிஞ்சின் உடலை வெட்டிப் போடலாம். பாலிப்ரொப்பிலீன், தெளிவு குறைவு, ஆனால் எந்த வாசனைத் திரவத்துக்கும் அசையாது. விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், காலிப்பரோடுதான் கடைக்குப் போக வேண்டும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் பளிங்கு போல இருக்கும், ஆனால் எலுமிச்சை, இலவங்கப்பட்டை, மென்தால் வாசனைகளில் நாளடைவில் சிலந்திவலை போல விரிசல் விட்டு ஒருநாள் பையிலேயே பிளக்கும். பழைய அட்டமைசர்களின் பிளாஸ்டிக் தொட்டிகள் பாழானது பெரும்பாலும் இப்படித்தான்.

கம்பிக்கும் பஞ்சுக்கும் ஈடு தேட வேண்டியதே இல்லை, சரியான பொருளே மலிவு. 0.32 மி.மீ. காந்தல் ஏ1 (சூடேற்றுவதற்கான உலோகக் கலவை) கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம். 2.5 மி.மீ. டிரில் தண்டில் ஆறு சுற்று, கால்களுக்கு 10 மி.மீ., மொத்தம் 63 மி.மீ. கம்பி, தடை 1.1 ஓம் பக்கம் வரும். லைட்டின் குறுகிய காற்றுப் பாதைக்கு 12 முதல் 15 வாட்டில் இது நன்றாக ஓடும். பழைய டோஸ்டரின் கம்பி, கிதார் கம்பி, கட்டுக்கம்பி போடுகிறார்கள். என்ன கலவை, என்ன முலாம் என்றே தெரியாத உலோகத்தைச் சிவக்கவைத்து மூச்சிழுப்பது அது. பஞ்சு சந்தேகமாக இருந்தால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாடையோடு சாம்பலாகும். உருகி மணிபோல உருண்டால் பாலியெஸ்டர், தூக்கிப் போடுங்கள். பஞ்சின் இரு வாலும் வாய்க்கால்களின் வாயை மூடினால் போதும். உள்ளே திணித்தால் திரவம் வராமல் கருகும், வாய் திறந்திருந்தால் வழியும்.

எந்தப் பாகத்தை மாற்றியிருந்தாலும் மல்டிமீட்டர் வைக்காமல் பேட்டரியில் ஏற்றக் கூடாது. முதலில் காயில் இல்லாமல் நடு பின்னுக்கும் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். தொடர்பே இருக்கக் கூடாது. மேல்மூடி வரை முழுக்கப் பூட்டி, மீண்டும் அதே சோதனை. நீளத் திருகு தொடுவது பல சமயம் அறையை மூடிய பிறகுதான் தெரியும். பிறகு காயில் போட்டு அளந்து, மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழியுங்கள்; மலிவு மீட்டரில் அதுவே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். பின்னை லேசாக அசைக்கும்போது எண் ஆடினால் இன்சுலேட்டரோ திருகோ சரியாக உட்காரவில்லை. கடைசியாக, ஷார்ட்டைக் கண்டால் தானே நிற்கும் எலக்ட்ரானிக் மாடில் (பேட்டரி இருக்கும் கைப்பிடிக் கருவி) மட்டும் ஓட்டுங்கள். சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் குழாயில், வீட்டில் செய்த இன்சுலேட்டரோடு எந்த அட்டமைசரையும் வைக்கக் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட், தடை 0.1 ஓமுக்கு விழுந்தால் 42 ஆம்பியர், சாதாரண 18650 செல் தாங்கும் அளவை அது எப்போதோ தாண்டிவிட்டது.

வாங்கலாமா? அசல் லைட் என்றால், மரைகள் நன்றாக இருக்கும் பட்சத்தில், தாராளமாக. ஓ-ரிங் எல்லாம் போயிருந்தாலும், தொட்டி உடைந்திருந்தாலும், போஸ்ட் திருகு இல்லாமல் வந்தாலும் விலையைப் பேசிக் குறைத்து வாங்கலாம். அவை மாலைப்பொழுதில் முடிகிற வேலைகள். நகல் என்றால் மரைப் பொருத்தத்தைக் கையால் சோதித்த பிறகே. ஒரே பெயரில் வரும் இரண்டு நகல்களின் பாகங்கள் ஒன்றுக்கொன்று சேராமல் போவது சகஜம். பாசிட்டிவ் போஸ்ட் ஆடினால், விற்பவர் "அது இறுக்கினால் சரியாகிவிடும்" என்று சொன்னாலும், அடிப்பக்கம் திறந்து இன்சுலேட்டரைக் காட்டச் சொல்லுங்கள். பீடத்தின் 510 மரை குறுக்கே ஏறி நசுங்கியிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அரை மி.மீ. புரியுள்ள அந்த மரையைச் சீர்செய்யும் டை என்ற கருவி சாதாரண செட்டில் வராது, மாற்று பீடம் தனியாகக் கிடைப்பதும் அரிது.